இஞ்சி இல்லாத வீடு

எங்கள் குசினியில் இஞ்சி இருந்ததில்லை. அம்மா இருந்த காலத்திலும் இல்லை, அவவுக்கு முன்னர் அம்மம்மா அடுப்படியைப் பார்த்த காலத்திலும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு ஒரு கணம் யோசிப்பார்கள். திருகோணமலையில் வெறும் பிளேன்ரீ கொடுக்கிற வீடு என்றால் எங்கள் வீடுதான். அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்த ஒரு மனுசன், வாயில் எப்போதும் கதை வைத்திருக்கிறவர், ஒருநாள் கோப்பையைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வீட்டில தேத்தண்ணிகூட செருப்பில்லாமத்தான் வருது." அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

காரணம் அம்மம்மா சொன்ன கதை. அந்தக் கதையை அவ எங்களுக்கு வாயில் சோறு தீத்தும்போது சொல்லமாட்டா. தேங்காய் துருவும்போதும், முருங்கையிலை உருவும்போதும், கை வேலையில் இருந்து கண் எங்களைப் பார்க்கத் தேவையில்லாத நேரம் பார்த்துத்தான் சொல்லுவா.

அம்மம்மா பிறந்து வளர்ந்தது கப்பல்துறை என்ற ஊரில். அவவுடைய தகப்பன் துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கிற கூலி. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஒரு கட்டத்தில் கப்பல் வரத்துக் குறைந்து கூலி நின்றுபோனது. உலகம் முழுவதும் வியாபாரம் படுத்த வருஷங்கள் அவை என்று நான் பழைய புத்தகக் கடையில் எடுத்த ஒரு புத்தகத்தில் பிறகு படித்தேன். அம்மம்மாவுக்கு உலகத்தைப்பற்றித் தெரியாது. அவவுக்கு அது கிழங்குக் காலம், அவ்வளவுதான்.

"அரிசி வெள்ளையோ சிவப்போ எண்டே மறந்துபோச்சு," என்பா. "கோழியள்கூட எங்கட முத்தத்தை விட்டுச் சுத்திப் போகும். கொத்த ஒண்டுமில்லை எண்டு அதுகளுக்கும் தெரியும்."

வேலியோரத்து மரவள்ளிதான் காலைக்கும் மாலைக்கும். அவவுடைய தாய், எனக்குப் பூட்டி, அந்தக் கிழங்கை அவிப்பதில் ஒரு பழக்கம் வைத்திருந்தா. சட்டியை இறுக்க மூடித்தான் அவிப்பா. "வாசம் வெளியில போனா அடுத்த வீட்டுப் பிள்ளையள் வந்து வேலியில நிப்பினம். அதுகளைப் பாத்துக்கொண்டு தின்ன ஏலுமோ? குடுக்கவும் காணாது. அதால மூடிப்போடுவா." அவித்த தண்ணியையும் கொட்டமாட்டா. உப்புப் போட்டு ஆளுக்கொரு சிரட்டை குடிக்கக் கொடுப்பா. அம்மம்மா இதைப் பெருமையாகத்தான் சொல்லுவா. ஒரு சொட்டும் வீண்போக விடாத தாய்.

ஒருநாள் வேலியோரத்துக் கிழங்கும் முடிந்து, காட்டோரமாக நின்ற ஒரு பழைய மரவள்ளி மரத்தைப் பிடுங்கி, அதன் கிழங்கை அவித்திருக்கிறார்கள். தின்றுவிட்டு எல்லோருக்கும் தலை சுற்றல். பாயை விரித்து விழுந்து படுத்துவிட்டார்கள். பசி மயக்கம் என்று நினைத்தார்கள்; அந்தக் காலத்தில் யாருக்குத்தான் அந்த மயக்கம் இல்லை. கடைசித் தம்பி மட்டும் வயிறு நோகுது என்று அழுதிருக்கிறான். பூட்டி எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் கோடியில் நின்ற இஞ்சியில் ஒரு துண்டைக் கிளப்பி, தட்டி, சுடுதண்ணியில் போட்டுப் பருக்கினா. பொழுதுபடுவதற்கு முன்னர் பிள்ளை போய்விட்டது.

செத்த வீட்டுக்கு வந்த ஒரு மனுசி கேட்டாவாம்: "கிழங்குக்கு மேல இஞ்சி குடுத்தியோ?"

இந்தக் கேள்வியை விளங்கப்படுத்த எங்கள் ஊரில் தேவையில்லை. வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். மரவள்ளிக் கிழங்கும் இஞ்சியும் வயிற்றில் சந்தித்தால் நஞ்சு என்று இந்தத் தீவில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எல்லா வீட்டிலும் சொல்லித்தான் பிள்ளை வளர்ப்பார்கள். பூட்டிக்கும் தெரியும். அந்தப் பதட்டத்தில் மறந்திருக்கிறா. அன்றைக்கே கோடியில் நின்ற இஞ்சியையெல்லாம் பிடுங்கி எறிந்தாவாம். ஊர் அவவை 'இஞ்சி குடுத்தவள்' என்றே கூப்பிட்டது. சாகும்வரை அதுதான் பெயர்.

நான் இதைக் கேட்டு வளர்ந்தவன். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிக்குப் பயந்திருக்கிறேன், கடல் பொங்கி வந்த காலையில் பயந்திருக்கிறேன். ஆனால் ஒரு வேரைப் பார்த்துப் பயப்படுகிற பயம் வேறு. அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. கலியாண வீட்டில் இஞ்சிச் சோடா தந்தால்கூட நான் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இனி, நாடு முழுக்க வரிசையில் நின்ற அந்த வருஷத்துக்கு வருகிறேன். சமையல் காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணைக்கு வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார், "ஐயா, என்ர மனிசியின்ர முகத்தைவிட இந்த முன்னுக்கு நிக்கிறவற்ற முதுகுதான் எனக்கு இப்ப நல்லாத் தெரியும்." சிரிக்க வைத்தே ஆட்களை நிற்க வைத்த காலம்.

மருமகன் கட்டாரில். மகளுக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை. பஸ் இல்லாவிட்டால் நடந்தே போவாள். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபடியால் பேத்தி என்னோடுதான். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். என் மனுசி போய்ச் சேர்ந்த பிறகு சமையல் நான்தான். பார்த்துப் பழகின சமையல், யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஒரு காலையில் தம்பலகாமத்துப் பக்கத்து ஆள் ஒருவர் சைக்கிளில் கிழங்குச் சாக்கோடு வந்தார். அரிசி விற்ற விலைக்கு அன்றைக்குக் கிழங்குதான் கட்டும். கிழங்கு கொஞ்சம் பழையது, வெட்டின இடத்தில் நீலம் பாய்ந்திருந்தது. கவனித்தேன், அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுத்தேன்.

"அம்மப்பா, இது மரத்தின்ர வேரா?" பேத்தி கேட்டாள்.

"வேர்தான். திங்கிற வேர்."

"அப்ப மரத்தையும் தின்னலாமா?"

"வரிசை இப்பிடியே போனா அதுவும் நடக்கும் பிள்ளை."

அடுப்பின் அடியில் மண்ணெண்ணை கொஞ்சம்தான் கிடந்தது. சட்டியை மூடினால் கெதியில் அவியும். மூடினேன். தண்ணியை வடிக்காமல் அதிலேயே வற்றவிட்டேன், அப்போதுதான் கிழங்கு மாவாக வரும் என்று ஒரு எண்ணம். மிளகாயும் வெங்காயமும் சேர்த்துக் கட்டச்சம்பல் இடித்தேன். எனக்குச் சீனி வருத்தம் இருப்பதால் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு நல்ல பசி. "கொஞ்சம் கைக்குது," என்றாள். தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். எல்லாவற்றையும் தின்று முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு விளையாட ஓடினாள்.

பக்கத்து வீடு ஒரு முஸ்லிம் குடும்பம், கிண்ணியாவில் இருந்து வந்தவர்கள். அவர் ஓட்டோ ஓட்டுகிறவர். மனைவி என்னை அண்ணன் என்பா, நான் அவவைத் தங்கச்சி என்பேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையிலிருக்கும் வேலியில் ஒரு ஓட்டை, பேத்தி போய்வந்தே பெருத்த ஓட்டை.

அவள் திரும்பி வந்தபோது நான் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கும் தலை கொஞ்சம் பாரமாகத்தான் இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

"மாமி வீட்டில தேத்தண்ணி குடிச்சனான்," என்றாள்.

"சரி."

"உறைக்கிற தேத்தண்ணி."

நான் எழும்பினேன். அவளைக் கிட்டக் கூப்பிட்டு வாயை மணந்து பார்த்தேன். இஞ்சி.

அந்த நேரத்தை எழுதுவது கஷ்டம். பிள்ளை நன்றாகத்தான் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணி கொடுக்கவா, கொடுக்காமல் விடவா? வாயில் விரலை விட்டுச் சத்தி எடுக்க வைக்கவா? இது பழங்கதை, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொன்னேன். சொல்லிக்கொண்டே அவளுடைய உதட்டைப் பார்த்தேன். நகத்தைப் பார்த்தேன். "என்ன அம்மப்பா பாக்கிறீங்க," என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள், "தலை சுத்துது."

அடுத்து முற்றத்தில் குந்தியிருந்து சத்தி எடுத்தாள். எடுத்து முடிந்தும் எழும்பவில்லை. தூக்கினேன். கழுத்து என் தோளில் தொங்கியது. வேர்த்து நனைந்திருந்தாள், மூச்சு கெதிகெதியாக வந்தது. என் தலையும் சுற்றியது, பயம் இப்படியும் செய்யுமா என்று நினைத்தேன்.

வேலியடிக்குப் போய்க் கத்தினேன். "தங்கச்சி, பிள்ளைக்கு இஞ்சி குடுத்தனீங்களோ?"

அவ கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. "ஓம் அண்ணன். வயிறு நோகுதெண்டு சொன்னா. ஒரு துண்டு தட்டிப் போட்டுத்தான் குடுத்தன். ஏன்?"

"கிழங்கு திண்ட பிள்ளைக்கா இஞ்சி குடுத்தனீங்க?"

அவவுடைய முகத்தை நான் மறக்கமாட்டேன். கேள்வியை முடிக்கும்போதே அது யாருடைய கேள்வி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கப்பல்துறைச் செத்த வீட்டில் அந்த மனுசி கேட்டதை அச்சொட்டாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் அப்போது அதை யோசிக்க நேரமில்லை.

"அல்லாஹ்வே," என்றா. "கிழங்கு திண்டது எனக்குத் தெரியாதே அண்ணன். புள்ள சொல்லல்லியே." சொல்லிக்கொண்டே வேலி ஓட்டையால் குனிந்து வந்து பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினா. இன்னொரு கையால் புருஷனுக்குப் போன் எடுத்தா. அவர் பெற்றோல் வரிசையில் நின்றார்.

வரிசையை விட்டுவிட்டு வந்தார் மனுசன். அந்த நாளில் வரிசையை விட்டு வருவதென்றால் என்னவென்று நின்றவர்களுக்குத் தெரியும். "ஏறுங்க," என்றார். "பெற்றோல் தாங்கியில வாசம்தான் இருக்கு. அது எவ்வளவு தூரம் இழுக்கோ பாப்பம்."

கடற்கரைப் பக்கத்து வீதியில், ஊருக்குள் மாடு போலத் திரிகிற மான்களில் ஒன்று நடு றோட்டில் நின்று எங்களைப் பார்த்தது. ஹோர்ன் அடித்தார், அது தன்பாட்டில் நின்றது. வேகத்தைக் குறைத்தார், அதோடு இயந்திரம் நின்றுபோனது. மறுபடி உதைத்தார், இழுத்தார். இல்லை. தங்கச்சியின் மடியில் கிடந்த பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. அவளைக் கூப்பிட்டேன். "ம்," என்றாள். அந்த 'ம்' வருகிற நேரமெல்லாம் எனக்கு உயிர் வந்தது, அடுத்தது வரும்வரை போனது.

அங்கேயும் ஒரு வரிசை, மண்ணெண்ணைக் கலன்களோடு. அவர் இறங்கி ஓடினார். "ஆராவது கொஞ்சம் பெற்றோல் தாங்க. புள்ளைக்கு ஏலாம இருக்கு."

வெயிலுக்குத் தலையில் துவாய் போட்டிருந்த ஒரு மோட்டார்சைக்கிள்காரர் இருக்கைக்குக் கீழிருந்து ஒரு தண்ணிப் போத்தலை எடுத்தார். மூக்குக்குக் கிட்டப் பிடித்தால்தான் தெரியும் அது தண்ணியில்லை என்று. "மனிசிக்கும் தெரியாம ஒளிச்சு வச்சனான்," என்றார். "ஊத்துங்கோ, ஊத்துங்கோ. நிண்டு கதைக்காதேங்கோ."

ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு இளம் பெண் டொக்டர் வந்து விபரம் கேட்டா. நான் கிழங்கு, இஞ்சி என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லும்போதே சுவர் சாய்ந்தது. யாரோ பிடித்துக் கட்டிலில் இருத்தினார்கள்.

"ஐயா, உங்களுக்கும் தலை சுத்துதா?"

"பயம் டொக்டர். பேத்தி எல்லோ."

"நீங்களும் கிழங்கு சாப்பிட்டனீங்களா?"

"ரெண்டு துண்டு."

"இஞ்சி?"

"அம்மாணை நான் என்ர வாழ்க்கையில இஞ்சி தொடேல்லை."

அவ எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தா. "அப்ப உங்களுக்கு ஏன் சுத்துது?"

அவ கட்டிலுக்குக் கிட்ட வந்தா.

"கிழங்கை எப்பிடி அவிச்சனீங்க? மூடியா, திறந்தா?"

"மூடி."

"தண்ணியைக் கொட்டினீங்களா?"

"இல்லை."

"இஞ்சிக் கதையை விடுங்கோ ஐயா. நஞ்சு கிழங்குக்குள்ளதான் இருக்கு. தோலுரிச்சு ஊறவச்சு, திறந்து அவிச்சு, தண்ணியைக் கொட்டினாத்தான் போகும். நீங்க அதை உள்ளுக்கயே பூட்டி வச்சிருக்கிறீங்க. கசப்பா இருந்துதா?"

கைக்குது என்று பிள்ளை சொன்னாள். நான் தேங்காய்ப்பூ போட்டேன். இரண்டையும் டொக்டருக்குச் சொன்னேன்.

"பிள்ளை தப்புவாளா?"

"வயித்தைக் கழுவினம். ஒக்சிசன் குடுக்கிறம். இண்டைக்கு இரவு கடக்கட்டும், பாப்பம்."

பாப்பம். பயந்தவன் காதில் விழக்கூடாத சொல் அது. எனக்கும் கையில் ஊசி குத்திச் சேலைன் ஏற்றினார்கள். மல்லாந்து படுத்திருந்து கூரையைப் பார்த்தபோதுதான் அம்மம்மாவின் கதை எனக்குள் திரும்ப ஓடியது. இந்தமுறை அவவுடைய சொற்கள் வேறு வரிசையில் நின்றன. எல்லோருக்கும் தலை சுற்றியது. எல்லோரும் விழுந்து படுத்தார்கள். பிள்ளைக்கு வயிறு நொந்தது. அதற்குப் பிறகுதான் இஞ்சி. பூட்டி இஞ்சியை எடுக்க எழும்பினபோதே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தா. மூடின சட்டி, கொட்டாத தண்ணி, காட்டோரத்துப் பழைய கிழங்கு. எல்லாவற்றையும் அம்மம்மா எங்களுக்குச் சொல்லித்தான் இருந்தா. நாங்கள் இஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்தப் பேரோடு ஒரு மனுசி செத்துப்போனா.

மகள் கந்தோரிலிருந்து நடந்து, ஓடி, வேர்வையில் குளித்து வந்தாள். பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "என்ன குடுத்தீங்க அப்பா?"

சொன்னேன். மூடினதையும் சொன்னேன், கொட்டாததையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். திரும்பிப் போய்ப் பிள்ளையின் காலடியில் இருந்தாள்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி வெளி விறாந்தையில் நின்றா. உள்ளே வரவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்து நின்றா. நான் சேலைன் போத்தலைக் கழற்றி ஒரு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெளியே போனேன். தாதி பின்னால் கத்தினா.

"தங்கச்சி, இது உங்கட இஞ்சியால இல்லை."

"என்ர கையாலதான் அண்ணன் குடுத்தன்."

"இல்லை. நான் அவிச்சதுதான் பிழை. மூடி அவிச்சனான். டொக்டரே சொன்னவ."

"நீங்க எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"ஆறுதல் சொல்லிற நிலையிலயா நான் நிக்கிறன்? இஞ்ச பாருங்கோ, எனக்கும்தான் ஏத்தினம். நான் உங்கட தேத்தண்ணியைக் குடிச்சனானா?"

அவ போத்தலைப் பார்த்தா, என் கையைப் பார்த்தா. நம்பினாவோ தெரியாது. "புள்ள எழும்பட்டும் அண்ணன்," என்றா. "எழும்பினாப் பிறகு நம்புறன்." நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரவைப்பற்றி எழுதமாட்டேன். அது போனது.

விடிந்தபோது பிள்ளை கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தாள், மூக்கிலிருந்த குழாயைத் தொட்டுப் பார்த்தாள், "இது என்ன," என்று கேட்டாள். டொக்டர் வந்து நாடி பார்த்து, கண்ணை இழுத்துப் பார்த்து, "இனிப் பயமில்லை. லேசா ஏதாவது சாப்பிடக் குடுங்கோ," என்றுவிட்டுப் போனா.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போய் அவித்துக்கொண்டு வந்த இடியப்பம் ஒரு பெட்டியில், துணியில் சுற்றியபடி இருந்தது. தேங்காய்ப்பாலும் கொஞ்சம். அவ பெட்டியைத் திறந்து மகளிடம் நீட்டினா. மகள் வாங்கி என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. என் கை முன்னுக்குப் போகவில்லை. மூன்று பெரிய ஆட்கள், ஒரு இடியப்பத்தைச் சுற்றி நின்றோம். தீத்துவதற்கு ஒருவருக்கும் துணிவில்லை.

"பால்ல என்ன போட்டனீங்க?" என்று மகள் மெல்லக் கேட்டாள்.

"உப்பு மட்டும்," என்றா தங்கச்சி. "நான் குடிச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டுவந்தன்."

மகள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நானும் வைத்தேன்.

"பசிக்குது," என்றாள் பிள்ளை. "ஏன் எல்லாரும் என்ர சாப்பாட்டைத் தின்னுறீங்க?"

யாரும் அசையவில்லை. அவள் சேலைன் ஏறாத கையை நீட்டிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு இடியப்பத்தைப் பிய்த்துப் பாலில் தோய்த்து வாயில் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் அவளுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.